கூகுள் ஆட்சென்ஸ் மறுப்பு: வந்த செய்திக்கு ஏற்றபடி பழுது நீக்கும் வழிமுறை

தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் திட்டம் ஆட்சென்ஸ். அதற்கு அனுப்பிய விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். அவசரமாகப் பத்துக் கட்டுரை சேர்ப்பார்கள். அன்றைக்கே மறுஆய்வுப் பொத்தானை அழுத்துவார்கள். அடுத்த மறுப்பும் அதே வாசகத்தோடு வந்து நிற்கும். கூகுள் சொன்ன காரணம் ஒன்று, அவர்கள் சரிசெய்தது வேறொன்று. இந்த நிலையில் இருக்கும் தமிழ்த் தளங்களைத் தொடர்ந்து பார்த்துச் சீர்செய்து கொடுத்து வருகிறேன். வருகிற பழுதுகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதேதான். எந்தச் செய்தி வந்தால் எங்கே கை வைப்பது என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும். செலவு வைக்கும் வேலை கடைசியில் வரும்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

மின்னஞ்சலில் வருவது பொதுவான வாசகம். உண்மையான காரணம் ஆட்சென்ஸ் கணக்கின் உள்ளே இருக்கிறது. 'சைட்ஸ்' பகுதியைத் திறந்து உங்கள் தளத்தின் பெயரைச் சொடுக்குங்கள். 'கெட்டிங் ரெடி' என்றிருந்தால் ஆய்வு நடக்கிறது. 'நீட்ஸ் அட்டென்ஷன்' என்றிருந்தால் கீழே ஒரு காரணம் எழுதியிருக்கும். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாசகம்தான் கீழே வரும் தலைப்புகளில் எதைப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

காரணம் இல்லாத இடத்தில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். முப்பது கட்டுரை இருக்க வேண்டும், தினமும் நூறு பேர் வர வேண்டும் என்றெல்லாம் ஊரில் உலவும் கணக்குகள் எதையும் கூகுள் வெளியிடவில்லை. தமிழில் எழுதினால் கிடைக்காது என்பதும் பழைய கதை. 2018 பிப்ரவரியிலேயே ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளில் தமிழ் சேர்ந்துவிட்டது. அனுமதிக்காக ஆங்கிலக் கட்டுரைகளை இடையில் சொருகுபவர்கள் தளத்தைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். வயது மட்டும் உண்மையான நிபந்தனை. 18 நிறைந்திருக்க வேண்டும். நிறையாதவர்கள் பெற்றோர் பெயரில் உள்ள கணக்கு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

## அறிகுறி: முகவரியைத் தட்டும்போதே ஏற்க மறுக்கிறது

முகவரியை எப்படித் தட்டினீர்கள் என்று பாருங்கள். டொமைன் பெயர் மட்டும் போதும். முன்னால் மூன்று டபிள்யூ வேண்டாம். பின்னால் சாய்கோடும் பக்கப் பெயரும் வேண்டாம்.

அதன் பிறகும் மறுத்தால், நீங்கள் கொடுப்பது வேறொருவருடைய டொமைனுக்குக் கீழே வாழும் துணைமுகவரியாக இருக்கலாம். இலவசத் தளம் அமைத்துத் தரும் சேவைகள் பலவற்றில் இப்படித்தான். பிளாகரின் பிளாக்ஸ்பாட் முகவரி இதற்கு விலக்கு. அதை ஆட்சென்ஸ் ஏற்கிறது. மற்ற சேவைகளில் இருப்பவர்கள் சொந்த டொமைன் வாங்குவதுதான் வழி. அதோடு, அந்தச் சேவை உங்கள் தளத்தின் ஹெச்டிஎம்எல் குறியீட்டைத் திருத்த அனுமதிக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குறியீட்டைத் தொட முடியாத திட்டத்தில் டொமைன் மட்டும் வாங்கிப் பயனில்லை.

## அறிகுறி: 'தளத்தைச் சரிபார்க்க முடியவில்லை'

தளம் உங்களுடையது என்று நிரூபிக்க ஆட்சென்ஸ் மூன்று வழி தருகிறது: விளம்பரக் குறியீடு, ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் (உங்கள் தளத்தில் யார் விளம்பரம் விற்கலாம் என்று சொல்லும் கோப்பு) ஒரு வரி, மெட்டா டேக் (பக்கத்தின் தலைப்பகுதியில் வைக்கும், வாசகர் கண்ணில் படாத குறிப்பு). ஒன்று தோற்றால் இன்னொன்றை முயலுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் கீழே உள்ள சோதனை.

தளத்தில் லாகின் செய்யாத ஒரு இன்காக்னிடோ சாளரத்தில் முகப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு யூ அழுத்துங்கள். பக்கத்தின் மூலக்குறியீடு வரும். அதில் உங்கள் பதிப்பாளர் எண்ணைத் தேடுங்கள். 'பப்' என்று தொடங்கி 16 இலக்கங்கள் கொண்டது அது.

### எண் அங்கே இல்லை

குறியீட்டைக் கட்டுரையின் உள்ளேயோ பக்கப்பட்டையிலோ ஒட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அது மூலக்குறியீட்டின் தொடக்கத்தில் உள்ள 'ஹெட்' என்ற தலைப்பகுதிக்குள் இருக்க வேண்டும். சரியான இடத்தில்தான் ஒட்டினீர்கள், ஆனால் இப்போது காணவில்லை என்றால் தீம் அப்டேட் ஆனபோது அழிந்திருக்கும். வேர்ட்பிரஸ் தீமின் கோப்பில் நேராக ஒட்டியவர்களுக்கு இது கட்டாயம் ஒருநாள் நடக்கும். தலைப்பகுதியில் குறியீடு சேர்ப்பதற்கென்றே இருக்கும் சிறிய பிளக்இன் ஒன்றையோ, கூகுளின் சைட் கிட் பிளக்இன்னையோ பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு கேஷை (வேகத்துக்காகச் சேமித்து வைத்த பக்கங்களின் பழைய நகலை) முழுமையாக அழியுங்கள். பிளக்இன்னின் கேஷ் ஒன்று, ஹோஸ்டிங்கின் கேஷ் இன்னொன்று, வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் தளத்தின் முன் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவை வைத்திருந்தால் அதன் கேஷ் மூன்றாவது. மூன்றையும் அழிக்காமல் குறியீடு வரவில்லை என்று சொல்லக் கூடாது.

பிளாகரில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. குறியீட்டை ஒட்டியதும் தீம் சேமிக்கப்படாமல், 'அசின்க்' என்ற சொல்லைக் காட்டிப் பிழைச்செய்தி வரும். பிளாகரின் தீம் எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதப்பட்டது. மதிப்பு இல்லாமல் தனியாக நிற்கும் சொல்லை அது ஏற்காது. அந்தச் சொல்லுக்குப் பின் சமக்குறி போட்டு, மேற்கோள்குறிக்குள் அதே சொல்லை இன்னொரு முறை எழுதுங்கள். சேமித்துக்கொள்ளும்.

### எண் இருக்கிறது, இருந்தும் சரிபார்க்கவில்லை

தளத்தை வேகமாக்கும் பிளக்இன்கள்தான் இங்கே முதல் சந்தேகம். வாசகர் திரையைத் தொடும்வரை ஜாவாஸ்கிரிப்ட்டைத் தள்ளிப்போடும் வசதி அவற்றில் இருக்கிறது. அதற்காக ஆட்சென்ஸ் குறியீட்டின் வடிவத்தையே மாற்றிவிடுகின்றன. ஆட்சென்ஸ் குறியீட்டை அந்தப் பிளக்இன்னின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். அது குழப்பமாக இருந்தால் மெட்டா டேக் வழிக்கு மாறிவிடுங்கள். மெட்டா டேக்கை எந்த வேகப் பிளக்இன்னும் தொடுவதில்லை.

அடுத்து, மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும் தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டில் ஒன்று திறக்காமல் போவது நான் அடிக்கடி காண்பது. டொமைன் அமைப்பில் ஒன்றை இன்னொன்றுக்குத் திருப்பிவிட வேண்டும்.

### எண் இருக்கிறது, ஆனால் அது உங்கள் எண் இல்லை

தளத்தை முன்பு அமைத்துக் கொடுத்தவரின் எண்ணோ, எங்கிருந்தோ பெற்ற இலவசத் தீமில் ஒளிந்திருந்த எண்ணோ அது. அப்படியே விட்டால் உங்கள் தளத்தில் வரும் விளம்பரத்தின் பணம் அவருக்குப் போகும். ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். நீக்கியும் திரும்ப வந்தால் தீமுக்குள் யாரோ குறியீட்டைப் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தீமையே மாற்றிவிடுங்கள்.

எப்போது ஆளை அழைப்பது: இவ்வளவு பார்த்தும் மூலக்குறியீட்டில் எண் வரவில்லை என்றால். தெரிந்த டெவலப்பருக்கு இது சின்ன வேலைதான். அவருக்கு வேர்ட்பிரஸில் தனிப் பயனர் கணக்கு திறந்து கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். உங்கள் கூகுள் கடவுச்சொல் அவருக்கு எதற்கும் தேவைப்படாது. கேட்டால் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி: வாரக்கணக்கில் 'கெட்டிங் ரெடி'

சில நாட்களில் முடிய வேண்டிய ஆய்வு, சில நேரம் 2 முதல் 4 வாரம்வரை இழுக்கும் என்று கூகுளே சொல்கிறது. அதுவரை பழுது என்று எண்ண வேண்டாம். இதற்கிடையில் ஆட்சென்ஸ் முகப்புக்குப் போய், பெயரும் முகவரியும் கேட்கும் பகுதி முழுமையாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தளத்தை இணைத்துவிட்டு இதை மறந்தவர்கள் ஏராளம். தளத்தில் குறியீடு இன்னும் இருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள். பொறுமையிழந்து தளத்தை நீக்கித் திரும்பச் சேர்க்காதீர்கள். காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

## அறிகுறி: 'சைட் டவுன் ஆர் அன்அவைலபிள்'

"என் தளம் நன்றாகத் திறக்கிறதே" என்பதுதான் இந்தச் செய்தி வந்தவர்கள் எல்லாரும் சொல்வது. உங்களுக்குத் திறக்கிறது, கூகுளின் கிராலருக்கு (தளங்களைத் தானாகப் பார்வையிடும் நிரலுக்கு) திறக்கவில்லை. கேள்வி அதைப் பற்றியது.

எளிய சோதனையிலிருந்து வருவோம். வைஃபையை அணைத்துவிட்டு, தளத்தில் லாகின் ஆகாத வேறொருவரின் கைபேசியில் திறந்து பாருங்கள். 'விரைவில் வருகிறது' என்ற பலகை தெரிந்தால், பராமரிப்புப் பிளக்இன் அணைக்கப்படாமல் இருக்கிறது. லாகின் செய்த உரிமையாளருக்கு மட்டும் அது முழுத் தளத்தைக் காட்டும் என்பதால் பல மாதம் தெரியாமலேயே இருந்துவிடும். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான்; தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எங்கோ நின்றிருக்கும். ஹோஸ்டிங் பலகையில் மறுபடி இயக்கிவிடலாம்.

தளம் யாருக்குமே திறக்கவில்லை என்றால், டொமைன் புதிதா என்று பாருங்கள். டாட் காம் போன்ற டொமைன்களைப் பதியும்போது கொடுத்த மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் விதி. உறுதி செய்யாவிட்டால் டொமைனை நிறுத்திவைப்பார்கள். அந்த அஞ்சல் பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும்.

மனிதருக்குத் திறக்கிறது, இயந்திரத்துக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் அடுத்த கட்டம். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'ரீடிங்' பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தளம் கட்டும்போது வைத்த டிக் அது. பிறகு, டொமைன் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பைத் (எந்தக் கிராலர் எங்கே வரலாம் என்று சொல்லும் கோப்பு) திறந்து படியுங்கள். ஆட்சென்ஸின் கிராலருக்கு 'மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள்' என்று பெயர். அந்தப் பெயருக்கோ எல்லாக் கிராலர்களுக்குமோ தடை எழுதியிருந்தால் நீக்குங்கள்.

இதற்கெல்லாம் மேல் நம்பத் தகுந்த சோதனை, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் இருக்கிறது. முகப்பின் முகவரியை அங்கே ஆய்வுக்குக் கொடுத்து, 'லைவ் டெஸ்ட்' ஓட்டி, கூகுள் எடுத்த திரைப்பிடிப்பைப் (ஸ்கிரீன்ஷாட்) பாருங்கள். பக்கம் வெறுமையாகவோ, 'நீங்கள் மனிதர்தானா' என்ற கேள்வியோடோ வந்தால் ஃபயர்வால் தடுக்கிறது என்று பொருள். கிளவுட்ஃபிளேரில் பாட் தடுப்பு முறைகளும் 'அண்டர் அட்டாக்' முறையும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டு வருகையை மொத்தமாகத் தடுத்து வைத்திருப்பவர்களும் உண்டு. வாசகர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில்தானே என்று அவர்கள் நினைக்கிறார்கள். கூகுளின் கிராலர் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்து வருகிறது. அதற்கும் கதவு அடைபட்டுவிடும்.

எப்போது ஆளை அழைப்பது: லைவ் டெஸ்ட் ஒரு முறை வெற்றி, ஒரு முறை தோல்வி என்று மாறி மாறி வந்தால் சர்வர் சுமை தாங்கவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 'தளம் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் 'இங்கே வேலை செய்கிறது' என்று பதில் வரும். 'மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள், கூகுள்பாட் ஆகிய இரண்டுக்கும் உங்கள் சர்வர் 403 (அனுமதி இல்லை) அல்லது 503 (இப்போது சேவை இல்லை) பதில் தந்திருக்கிறதா, லாக் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத நிறுவனத்தை விட்டு வேறு ஹோஸ்டிங்குக்கு மாறலாம். இந்த அறிகுறியில் அதிகச் செலவு வைக்கும் தீர்வு அதுதான்.

## அறிகுறி: 'லோ வேல்யூ கான்டென்ட்'

அதிகம் பேருக்கு வருவதும், அதிகம் பேர் மனமொடிந்து போவதும் இந்தச் செய்தியால்தான். உங்கள் எழுத்து மட்டம் என்று யாரோ தீர்ப்பளித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஒரே வாசகத்தின் கீழ் தனித்தனியான பழுதுகள் பல வருகின்றன. வரிசையாகப் பாருங்கள்.

### உங்கள் எழுத்து கூகுளுக்குத் தெரிகிறதா?

தமிழ்த் தளங்களில் அதிகம் காணும் பழுது இது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதை அரிதாகத்தான் காண முடியும். ஒரு பத்தியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

பத்தியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் நீங்கள் போட்டிருப்பது படம். கவிதை, ராசிபலன், சமையல் குறிப்பு, பொன்மொழி இவற்றை அழகான அட்டையாக வடிவமைத்துப் படமாகவே பதிவேற்றும் வழக்கம் நம்மிடம் அதிகம். பழைய நூல்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுவதும் அப்படித்தான். வாசகருக்கு அது பக்கம் நிறைந்த எழுத்து; இயந்திரத்துக்கு ஏறக்குறைய வெற்றுப் பக்கம். படம் இருக்கட்டும், அதன் கீழே அதே உள்ளடக்கத்தை எழுத்தாகவும் தட்டச்சு செய்து போடுங்கள்.

ஒட்டியபோது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால் தளம் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் இருக்கிறது. அச்சகங்களிலும் சிற்றிதழ் அலுவலகங்களிலும் தட்டச்சு செய்த கோப்புகளை அப்படியே தளத்தில் ஏற்றியவர்களுக்கு இது நடக்கிறது. யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படியுங்கள். கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் நிற்பதும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாவதும் வழக்கமான பிழைகள். பத்து இருபது பக்கம் என்றால் நீங்களே செய்துவிடலாம். ஆயிரக்கணக்கான பக்கங்கள் தரவுத்தளத்தில் இருந்தால் அது டெவலப்பர் வேலை. முழுத் தளத்துக்கும் காப்புப்பிரதி எடுத்த பிறகே அவரைத் தொட விடுங்கள்.

### அந்த எழுத்து உங்களுடையதா?

ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் எட்டுப் பத்துச் சொல் கொண்ட ஒரு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோளுக்குள் வைத்துக் கூகுளில் தேடுங்கள். அதே வாக்கியம் வேறு தளங்களில் வரிசையாக வந்தால் பழுது இங்கேதான்.

திருடியவர்கள் மட்டும்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். கந்த சஷ்டி கவசத்தையும் திருக்குறளையும் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் அதே வரிகள் எண்ணற்ற தளங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. மூலபாடத்தை மட்டும் வைத்திருக்கும் இன்னொரு தளத்தால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. டிஎன்பிஎஸ்சி அறிவிப்பை அப்படியே ஒட்டும் வேலைவாய்ப்புத் தளங்களுக்கும், அரசு செய்திக்குறிப்பை வரிமாறாமல் போடும் செய்தித் தளங்களுக்கும் இதே கதி.

திருத்தம் என்ன என்று கேட்டால், நீக்குவதை விடச் சேர்ப்பதையே சொல்வேன். குறள் தளமா? உங்கள் சொந்த உரையை எழுதுங்கள். ஒரு சொல்லுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்ல, மணக்குடவர் வேறொன்று சொல்லும் இடங்களை எடுத்து விளக்குங்கள். வேலைவாய்ப்புத் தளமா? அறிவிப்பின் எந்தப் பத்தியை விண்ணப்பதாரர்கள் தவற விடுகிறார்கள், வயது வரம்பை எந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும், எந்தச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் தள்ளப்படுகிறது என்று எழுதுங்கள். சமையல் தளமா? உங்கள் அடுப்பில் நீங்கள் செய்ததை, நீங்கள் எடுத்த படத்தோடு போடுங்கள். இப்படிச் சேர்க்க எதுவும் இல்லாத பக்கங்களை மட்டும் நீக்கிவிடுங்கள்.

ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் கொடுத்துத் தமிழாக்கி அப்படியே போடுவதும், செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒரே நாளில் ஐம்பது கட்டுரை வாங்கிக் குவிப்பதும் இதே வகையில் சேரும். எந்தக் கருவியால் எழுதினாலும், படிப்பவருக்குப் பயன் தராத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வது ஸ்பேம் என்று 2024 மார்ச்சில் கூகுள் தன் தேடல் கொள்கையில் தெளிவாகச் சேர்த்தது. அத்தகைய கட்டுரைகளைச் சொல் மாற்றிக் காப்பாற்ற முயல்வதை விட, தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதுவது விரைவானது. இது என் உறுதியான கருத்து.

### வெற்றுப் பக்கங்கள் எத்தனை?

நல்ல கட்டுரைகள் இருந்தும் மறுக்கப்படும் தளங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயர் என்று தட்டித் தேடுங்கள். உங்கள் தளத்தில் கூகுளுக்குத் தெரிந்த பக்கங்கள் வரும். வேர்ட்பிரஸ் நிறுவியபோது வந்த 'ஹலோ வேர்ல்டு' பதிவு, தீமோடு வந்த லத்தீன் மாதிரிப் பத்திகள், ஒரே ஒரு பதிவு கொண்ட டேக் பக்கங்கள் எல்லாம் அங்கே நிற்கும். இருபது கட்டுரைக்கு எண்பது டேக் வைத்திருந்தால் தளத்தின் பெரும்பகுதி வெற்றுப் பக்கங்கள்தான்.

மாதிரிப் பக்கங்களை அழியுங்கள். டேக் பக்கங்களுக்கு எஸ்இஓ பிளக்இன்னில் 'நோஇன்டெக்ஸ்' (தேடலில் சேர்க்க வேண்டாம் என்ற குறி) வையுங்கள். மெனுவில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் கைபேசியில் தட்டிப் பாருங்கள். 404 வருகிற இணைப்பையும், திறந்தால் ஒரு பதிவுகூட இல்லாத பிரிவையும் மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

### தளம் யாருடையது என்று தெரிகிறதா?

தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஆட்சென்ஸ் கேட்கும் கட்டாய ஆவணம். கூகுளும் பிற நிறுவனங்களும் குக்கீ வழியாக விளம்பரம் காட்டுவதையும், வாசகர் அதை எப்படித் தவிர்க்கலாம் என்பதையும் அது சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை எடுத்துப் போடுபவர்கள் அதை ஒரு முறை படித்துப் பாருங்கள். வேறு தளத்தின் பெயர் உள்ளே அப்படியே இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அறிமுகப் பக்கமும் தொடர்புப் பக்கமும் கட்டாயம் என்று விதி இல்லை. இருந்தாலும் வையுங்கள், எழுதுபவர் யார், அவருக்கு இதில் என்ன அனுபவம் என்று இரண்டு பத்தி இருந்தால் வாசகருக்கே நம்பிக்கை வரும்.

### எப்போது மறுஆய்வு கேட்பது?

திருத்தியவுடன் கேட்காதீர்கள். திருத்திய பக்கங்களைக் கூகுள் மறுபடி வந்து பார்த்துவிட்டதா என்பதைச் சர்ச் கன்சோல் ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதியோடு காட்டும். முக்கியமான பக்கங்களின் தேதி மாறிய பிறகு கேளுங்கள். அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால் சில நேரம் குறிப்பிட்ட தேதிவரை கேட்க முடியாதபடி பொத்தான் பூட்டப்படும்.

எப்போது ஆளை அழைப்பது: உள்ளடக்கத்துக்கு வெளியாள் தேவை என்றால் நல்ல பிழைதிருத்துநரையோ, அந்தத் துறை தெரிந்த எழுத்தாளரையோ அமர்த்துங்கள். 'அனுமதி வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவரை அமர்த்த வேண்டாம். அவரால் கூகுளுக்குள் எதுவும் செய்ய முடியாது. அனுமதி பெற்ற கணக்கை விற்கிறேன் என்பவர் இன்னும் மோசம். ஆட்சென்ஸ் கணக்கைக் கைமாற்ற விதி இடம் தரவில்லை. வாங்கிய கணக்கு முடக்கப்பட்டால் கொடுத்த பணமும் போய், சேர்ந்த வருவாயும் போகும்.

## அறிகுறி: 'பாலிசி வயலேஷன்ஸ்'

தளத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஒரு பக்கம் போதும், இந்தச் செய்தி வருவதற்கு. எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவற்றை முதலில் பாருங்கள்: திரைப்படம், பாடல், மின்னூல் ஆகியவற்றைப் பதிவிறக்கத் தரும் இணைப்புகள், பூட்டு உடைத்த மென்பொருள்கள், அப்படிப்பட்ட தளங்களுக்குப் பக்கப்பட்டையில் கொடுத்த பரிந்துரைகள். கோப்பு உங்கள் தளத்தில் இல்லை, இணைப்பு மட்டும்தான் என்ற வாதம் எடுபடாது.

மருத்துவக் குறிப்புத் தளம் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புற்றுநோயைக் குணமாக்கும் கஷாயம், இன்சுலினை நிறுத்திவிட வைக்கும் கீரை என்கிற வகைப் பதிவுகள், தீங்கு விளைவிக்கும் ஆரோக்கியக் கூற்றுகளுக்கு எதிரான கொள்கையில் நேராக விழுகின்றன. விளம்பரம் கிடைக்காது என்பதற்காக மட்டும் அவற்றை நீக்கச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் அதை நம்பி மருந்தை நிறுத்திவிடுவார். பாட்டி வைத்தியம் எழுதுங்கள். எது இதமளிக்கும், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கருத்துரைகளையும் பாருங்கள். வாசகர் எழுதியதற்கும் தள உரிமையாளரே பொறுப்பு. மட்டுறுத்தல் இல்லாத பழைய பதிவுகளின் அடியில் ஆபாசத் தள இணைப்புகள் வரிசையாகச் சேர்ந்திருக்கும்.

இவை எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், தளம் ஊடுருவப்பட்டிருக்கலாம். மேலே சொன்ன 'சைட்' தேடலில் நீங்கள் எழுதாத பக்கங்கள், ஜப்பானிய எழுத்துகளில் தலைப்புகள், மருந்து விற்பனைப் பக்கங்கள் வருகின்றனவா? சர்ச் கன்சோலில் 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' பகுதி என்ன சொல்கிறது? கட்டணத் தீமை யாரோ இலவசமாகப் பகிர்ந்ததை நிறுவியிருந்தால், பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைந்திருப்பார்கள்.

எப்போது ஆளை அழைப்பது: ஊடுருவல் உறுதியானால் அன்றே. தெரிந்த கோப்புகளை மட்டும் அழித்தால் பின்கதவு உள்ளேயே இருக்கும். சில நாளில் திரும்ப வந்துவிடும். பாதுகாப்பு வேலை தெரிந்தவர் தளத்தைச் சுத்தமாக மறுநிறுவல் செய்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு வைக்கும் பழுது இதுதான். அது முடியும்வரை ஆட்சென்ஸ் பக்கம் போக வேண்டாம்.

## அறிகுறி: 'உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது'

ஒருவருக்கு ஒரு ஆட்சென்ஸ் கணக்குதான். பல ஆண்டுகளுக்கு முன் பிளாகரிலோ யூடியூபிலோ தொடங்கி மறந்த கணக்கு எங்கோ இருக்கிறது. உங்களிடம் உள்ள எல்லா ஜிமெயில் பெட்டிகளிலும் ஆட்சென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். பழைய அஞ்சல் அகப்படும். அந்தக் கணக்கு உயிரோடு இருந்தால் புதுக் கணக்கே தேவையில்லை. அதிலேயே 'சைட்ஸ்' பகுதியில் புதிய தளத்தைச் சேர்த்துவிடலாம். அது வேண்டாம் என்றால் முறைப்படி மூடிவிட்டு, புதியதில் விண்ணப்பியுங்கள்.

பழைய கணக்கு, செல்லாத கிளிக்குகளுக்காக முடக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. மனைவி பெயரில், தம்பி பெயரில் திறந்து அதே தளத்தை இணைப்பது தீர்வாகாது. அதுவும் முடக்கப்படும், அவர்களுடைய வாய்ப்பும் கெடும். மேல்முறையீட்டுப் படிவம் இருக்கிறது. அந்தக் கிளிக்குகள் எங்கிருந்து வந்தன, அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை ஆதாரத்தோடு எழுதுங்கள். மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது. வேறு விளம்பர நிறுவனத்தைத் தேடுவதே நல்லது.

## அறிகுறி: 'ரெடி' என்று வந்துவிட்டது, விளம்பரம் வரவில்லை

உலாவியில் விளம்பரத் தடுப்பான் இருக்கிறதா? ஆட்சென்ஸில் ஆட்டோ ஆட்ஸ் (கூகுளே இடம் பார்த்து விளம்பரம் போடும் வசதி) இயக்கப்பட்டிருக்கிறதா? பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். வருகிறதா என்று சோதிக்க உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்கிப் பார்க்காதீர்கள்.

ஆட்ஸ்.டிஎக்ஸ்டி 'நாட் ஃபவுண்ட்' என்று காட்டினால் கோப்பு டொமைனின் வேரில் இல்லை. ஆட்சென்ஸ் தரும் வரியை அப்படியே நகலெடுத்து அங்கே வையுங்கள். பிளாகரில் சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு அமைப்புகளில் 'மானிடைசேஷன்' பகுதியில் அதற்கு இடம் இருக்கிறது. நிலை மாறச் சில நாள் ஆகும்.

சென்னையில் வருகிறது, லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் உறவினர்களுக்குச் சரியாக வரவில்லை என்றால், குக்கீ சம்மதச் செய்தி இல்லாததைச் சந்தேகியுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் உள்ள வாசகர்களிடம், கூகுள் சான்றளித்த ஏற்பாட்டின் வழியாகவே சம்மதம் பெற வேண்டும் என்பது 2024 ஜனவரி 16 முதல் நடைமுறை. சுவிட்சர்லாந்து அதே ஆண்டு ஜூலை 31 முதல் சேர்ந்தது. புலம்பெயர் வாசகர்கள் மிகுந்த தளங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆட்சென்ஸின் 'பிரைவசி அண்டு மெசேஜிங்' பகுதியில் இலவசமாகவே அமைத்துவிடலாம்.

வருவாய் 10 டாலரைத் தொட்டதும் முகவரியை உறுதிசெய்ய, 'பின்' எனப்படும் ரகசிய எண் தபாலில் வரும். 2 முதல் 4 வாரம் ஆகலாம். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். வாடகை வீடு மாறியவர்கள் முகவரியை முதலில் திருத்திவிட்டு மறு எண் கேளுங்கள். கதவு எண், தெருப் பெயர், பின்கோடு மூன்றும் உங்கள் ஆதார் அட்டையில் இருப்பது போலவே இருக்கட்டும். அப்படியும் தபால் வந்து சேரவில்லை என்றால், எண்களைக் கேட்டுப் பார்த்த பிறகு அடையாள ஆவணத்தைப் பதிவேற்றும் வழி கணக்கிலேயே திறக்கும்.